தாய் வீட்டு மீனும் விதி பதினேழும்

இது நடந்தது ஐம்பதாம் வருஷத்துத் தை மாசத்திலா, ஐம்பத்தொன்றிலா என்று எனக்கு நிச்சயமில்லை. எங்கள் அலுவலகச் சூப்பிரண்டு அன்று பேசிய பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுத்தவன் நான்தான். அந்த நோட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. பிற்பாடு எத்தனையோ பகல்களில் தனியாக உட்கார்ந்து அந்தப் பேச்சை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அப்போது ஒன்றிரண்டு வாக்கியங்களை நானே சேர்த்திருக்கக் கூடும். சேர்த்திருந்தால் அவை அவர் சொன்னவற்றைவிட மிதமானவையாகத்தான் இருக்கும்.

வடகடற்கரைப் பஸ் நிர்வாகத்தில் நான் விதிக் குமாஸ்தா. விதிகளை நகலெடுப்பது, எண் போடுவது, பழைய விதிக்கும் புது விதிக்கும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் ஒரே கோப்பில் கட்டி வைப்பது, இதுதான் வேலை. பேச வேண்டிய அவசியம் குறைவு. அதனாலேயே அந்த உத்தியோகம் எனக்குப் பிடித்திருந்தது. மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு புத்தகம் திறந்திருக்கும்.

அலுவலகம் ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில். அதற்கு முன் அந்தக் கட்டடம் தோல் கிடங்காக இருந்தது. சுண்ணாம்பு அடித்து, நாற்காலி போட்டு, படங்கள் மாட்டிய பிறகும் மழை பெய்தால் சுவரிலிருந்து மாட்டுத் தோல் நாறும். முதல் மாதம் நாங்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தோம். இரண்டாவது மாதத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மூன்றாவது மாதத்தில்தான் விதி பதினேழு பிறந்தது.

'மீன், கருவாடு, தோல், மண்ணெண்ணெய் மற்றும் பயணிகளின் மன அமைதியைக் குலைக்கக்கூடிய பிற நாற்றமுள்ள பொருள்கள், உரிய அனுமதிச் சீட்டு இருந்தாலன்றி, வண்டியில் ஏற்றப்படலாகாது.'

எழுதியவர் சூப்பிரண்டு ஆபத்சகாயம். யுத்த காலத்தில் வான்தாக்குதல் காப்புப் படையில் இருந்தவர். வீடு வீடாகப் போய் விளக்கை அணைக்கச் சொன்னவர். யுத்தம் முடிந்துவிட்டது; எதையாவது அணைக்கச் சொல்லும் பழக்கம் முடியவில்லை. எண்ணூருக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. காலை பஸ்ஸை அவர் வாரம் ஒரு நாள் 'கடலின்பப் பயணம்' என்று மாற்றினார். பட்டணத்துப் பிரமுகர்கள் குடும்பத்தோடு எண்ணூர் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார்கள். கால அட்டவணையை நான்தான் அச்சுக்குக் கொடுத்தேன். பத்து நாற்பதுக்கு அலை பார்த்தல் தொடக்கம், பத்து ஐம்பதுக்கு அலை பார்த்தல் முடிவு. வலதுபக்கம் உட்கார்ந்தவர்கள் போகும்போது கடலைப் பார்க்கலாம். இடதுபக்கத்தார் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ள வேண்டும். போகும்போது அவர்கள் வலதுபக்கம் திரும்புவது விரும்பத்தக்கதல்ல.

அந்தப் பயணத்தின் தொடக்க விழா நாளன்றுதான் காசிமேட்டுத் தேசம்மா, தலையில் கூடையோடு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். காசிமேட்டுக் கரையில் மீன் விற்கிறவள். அவள் மகள் நீலாவை எண்ணூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவர நாள் பார்த்திருந்த வாரத்தில், எட்டாம் மாசத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. நாலு நாளாகப் பால் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் குழந்தைக்குக் கொடுத்தது போக மிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிச்சம் நாளுக்கு நாள் குறைந்தது. கூட இருந்த தேசம்மா முந்தின நாள் மாலை பஸ்ஸில் எண்ணூரிலிருந்து வெறுங்கையோடு காசிமேட்டுக்கு வந்து, விடியலில் கட்டுமரம் கரையேறியதும் இரண்டு பால் சுறா வாங்கி, மஞ்சள் தடவி, ஈரத்துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு நேரே வந்திருந்தாள். பால் சுறாவைப் புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் குடும்பத்தில் அதற்கு மேல் ஒரு கட்டு உண்டு. முதல் மீன் தாய் வீட்டிலிருந்து போக வேண்டும். போகிற வழியில் அதைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் பால் தரைக்குப் போய்விடும். தலையில் இருக்கலாம், மடியில் இருக்கலாம், தரையில் மட்டும் கூடாது. ரயிலில் போகாததற்கும் அதுவே காரணம். ரயிலில் மீன் கூடையைக் கடைசிப் பெட்டியில், தரையில் போடுவார்கள்.

கண்டக்டர் சௌக்கத் அலி அவளை நிறுத்தினான். தண்டையார்பேட்டைக்காரன். அவளிடம் வருஷக்கணக்காக மீன் வாங்குகிறவன்.

"யக்கா, இன்னிக்கி வாணாம்க்கா. பெரிய பெரிய ஆளுங்கோ வந்துகினு கீறாங்கோ. கூடையப் பாத்தா என் வேலைய எடுத்துருவாங்கோ."

"நேத்து இட்டுகினு வந்த. இன்னிக்கி இன்னா நா நாறிப்பூட்டனா?"

"நேத்து உங்கையில ஒண்ணும் இல்ல."

"பாயி, எம்மவளுக்குப் பாலு எறங்கல. சாய்ங்காலம் வரிக்கும் வச்சிருந்தா சொறா ஆவாது. நீ ஏத்து. நா மடில வச்சிகினு மூலையில குந்திகிறேன்."

அவன் அலுவலகத்தைக் காட்டினான். "உள்ள போய் ஒரு சீட்டு வாங்கினு வந்துரு. சீட்டு இருந்தா யானையக் கூட ஏத்துவேன்."

அப்போது மணி ஏழரை. பஸ் ஒன்பதுக்கு.

உள்ளே அனுமதிச் சீட்டு கொடுக்கிறவர் தலைமைக் குமாஸ்தா காளத்தி. சீட்டுக்கு இரண்டு பரிசோதனை. முதலாவது எடை. காளத்தி எடைமேடையைக் காட்டிக் கூடையை வைக்கச் சொன்னார்.

"கீழ வைக்க மாட்டேன் நைனா."

"கீழே இல்லை, மேடையில்."

"மேடை எங்க நிக்கிது? தரையிலதான?"

காளத்தி யோசித்துவிட்டு, கூடையோடு அவளையே மேடையில் ஏறச் சொன்னார். நூற்றிருபது ராத்தல் காட்டியது.

"இதில் மீன் எவ்வளவு, நீ எவ்வளவு?"

"மீனு எட்டு ராத்தலு இருக்கும். மிச்சம் நானு."

"உத்தேசம் செல்லாது. நீ இறங்கிக்கொள். கூடை மட்டும் நிற்கட்டும்."

"நா எறங்குனா கூடை எங்க நிக்கும், வானத்துலயா?"

காளத்தி படிவத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். பொருள்: பெண்ணும் மீனும். எடை: நூற்றிருபது ராத்தல். அனுமதிக்கப்பட்ட சுமை: இருபத்தெட்டு ராத்தல். மிகை: தொண்ணூற்றிரண்டு.

"மிகைக்கு என்ன செய்வது என்பதைச் சூப்பிரண்டு முடிவு செய்வார்" என்றார். "இரண்டாவது, நாற்றப் பரிசோதனை."

நாற்றப் பரிசோதனையும் அவர் பொறுப்புதான். அவர் முப்பது வருஷமாக மூக்குப்பொடி போடுகிறவர். பொடி மட்டையை எடுத்து, ஒரு சிட்டிகை இழுத்து, மூக்கைத் துணியால் துடைத்து, பரிசோதனைக்குத் தயாராகி நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கூடைக்குள் முகத்தைக் கொண்டுபோனார். வெகுநேரம் முகர்ந்தார். இறங்கினார்.

"ஒரு நாற்றமும் இல்லையே."

"அதான் சொல்றேன். காலைல புடிச்சது. பச்சை மீனு."

"அதில்தான் சிக்கல்" என்றார் காளத்தி. விதியின் விளக்கக் குறிப்பை எடுத்துப் படித்தார். "மீன் என்பது இவ்விதியின் நோக்கத்துக்கு, நாற்றமுள்ள கடற்பொருள். இதற்கு நாற்றமில்லை. ஆகவே இது மீன் அல்ல. மீன் அல்லாத பொருளுக்கு நான் மீன் சீட்டு கொடுக்க முடியாது."

தேசம்மா கூடையைத் தலையில் நேராக்கிக்கொண்டாள். "செரி நைனா. இது மீனு இல்லன்னு எய்திக் குடு. அத்தக் காட்டி ஏறிக்கிறேன்."

"மீனை மீன் இல்லை என்று நான் எப்படி எழுதித் தருவது? கண் எதிரே தெரிகிறதே."

"அப்ப மீனுன்னு எய்து."

"மூக்கு ஒப்பவில்லையே அம்மா."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த விளக்கக் குறிப்பை நகலெடுத்தவன் நான். எடுக்கும்போது அது பிழையில்லாத, அழகான வாக்கியமாக எனக்குப் பட்டது.

எட்டரைக்கு அவளைச் சூப்பிரண்டிடம் அனுப்பினார்கள். குறிப்பெடுக்க நானும் போனேன். ஆபத்சகாயம் விழாவுக்குக் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுதும் கேட்டார். இடையில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கேட்டார்:

"எண்ணூரில் கடல் இல்லையா? அங்கே மீன் கிடைக்காதா?"

"கடலு கீது தொரை. மீனும் கீது. பெத்தவ இங்கதான கீறேன்."

"இந்த வண்டி யாருடையது, தெரியுமா?"

"சர்க்காரு வண்டின்றாங்கோ."

"இல்லை. உன்னுடையது. முன்பு ஒரு முதலாளி வைத்திருந்தான். அவன் லாபத்துக்காக மீன் கூடையை மேலே ஏற்றினான். இப்போது வண்டி உன் சொத்து. உன் சொத்தை நீயே அசுத்தம் செய்ய நான் எப்படி விடுவேன்? உன்னிடமிருந்து உன் வண்டியைக் காப்பாற்றத்தான் எனக்குச் சம்பளம்."

"என்னுதுதான்னா நா ஏறிக்கிறேனே."

"நீ தனி ஆள். வண்டி பொதுமக்களுடையது."

"பொதுஜனம்னா ஆரு?"

அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே மாவிலைத் தோரணம் கட்டிய பஸ் அருகே பிரமுகர்கள் குடை பிடித்து நின்றார்கள். யாரோ பஸ்ஸுக்குள் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"விண்ணப்பத்தை வைத்துவிட்டுப் போ. கமிட்டி வரும் வியாழக்கிழமை கூடுகிறது."

"அதுவரிக்கும் புள்ள பொறுத்துக்குமா தொரை?"

"குழந்தை பற்றி விதியில் ஒன்றுமில்லை" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அகராதியில் ஒரு சொல் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

ஒன்பது மணிக்கு விழா. சூப்பிரண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நினைவிருக்கிற வரை சொல்கிறேன்.

"சீமான்களே, சீமாட்டிகளே, கடல் நமக்குத் தாய். மீனவன் அவளுடைய மூத்த மகன். புயலுக்கும் அஞ்சாத அந்த வீரனை இன்று நாம் ஜன்னல் வழியாகப் பார்க்கப் போகிறோம். கடலின் எல்லா இன்பங்களையும் இந்த நிர்வாகம் உங்களுக்கு வழங்குகிறது. ஈரம், உப்பு, மணல், நாற்றம், மனிதர்கள் ஆகிய இடைஞ்சல்களை மட்டும் நீக்கியிருக்கிறோம். அலையோசை உங்கள் காதில் தடையின்றி விழ வேண்டும் என்பதற்காக, பயணம் முழுவதும் ஹாரன் அடிக்கலாகாது என்று இன்று காலை நான் உத்தரவிட்டிருக்கிறேன். ஒரு தாய் தன் குழந்தையிடம் ஹாரன் அடிப்பாளா?"

கைதட்டினார்கள். தேசம்மா கூட்டத்துக்கு வெளியே, கூடையைத் தலையில் வைத்தபடி, தாய் என்ற சொல் வரும்போதெல்லாம் சூப்பிரண்டின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சு அரைமணி நேரம் போன பிறகு புடவையை வரிந்து கட்டிக்கொண்டாள். சௌக்கத் அலியிடம் வந்தாள்.

"பாயி, இவுரு தாயப் பத்தி சொல்லி முடிக்கிறதுக்குள்ள கொயந்த செத்துரும். நா நடக்கறேன். நீ மெதுவா வா."

"எண்ணூருக்கா? கூடையோடயா?"

"காலு என்னுதுதான். அதுக்கு இன்னும் சீட்டு போடல."

வடக்கே பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் கிளம்பும்போது மணி பத்தேகால். டிரைவர் ஹென்றி, ராயபுரத்துக்காரர். சர்ச்சில் பாடுகிறவர். வண்டியில் ஏறினால் பேச மாட்டார். சூப்பிரண்டு முன் இருக்கையில். எந்த நேரத்திலும் விதியைப் பார்க்க வசதியாக, விதிப் புத்தகத்தோடு நான் அவர் பின்னால். திருவொற்றியூர் தாண்டும்வரை எல்லாம் அட்டவணைப்படி தவறிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் சாலை குறுகலாகும். ஒரு வண்டி போகலாம், இரண்டு பக்கமும் மணல். அந்தக் குறுகலில், எங்களுக்குப் பத்து கஜம் முன்னால், நடுச் சாலையில் தேசம்மா போய்க்கொண்டிருந்தாள்.

ஹென்றி வேகத்தைக் குறைத்தார். பஸ் அவள் நடைக்கு வந்தது.

"ஏன் மெதுவாகப் போகிறாய்?" என்றார் சூப்பிரண்டு.

"முன்னாடி ஆள் போறாங்க சார்."

"தாண்டிப் போ."

"நடந்து போறவங்கள தாண்டுறதுக்கு முன்னாடி மூணு தடவை ஹாரன் அடிக்கணும். விதி முப்பத்து மூணு."

"அடி."

"ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு காலைல உத்தரவு சார். ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான்."

சூப்பிரண்டு இருக்கையில் முன்னால் நகர்ந்தார். "நான் சொல்கிறேன், அடி."

"வாய்மொழி உத்தரவு செல்லாதுங்க. விதி மூணு."

சூப்பிரண்டு பேனாவை எடுத்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஹென்றி ஒரு கையால் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சீல் இல்லீங்களே சார்."

சீல் ராயபுரத்தில் காளத்தியின் மேஜையில் இருந்தது.

ஹென்றி இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சௌக்கத் அலி படிக்கட்டில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. சூப்பிரண்டு என் பக்கம் திரும்பினார்.

"விதிவிலக்கு ஏதாவது இருக்கிறதா, பார்."

இருந்தது. விதி நாற்பத்தொன்று, இரண்டாவது உட்பிரிவு. அவசர காலத்தில் மேலதிகாரி முன்னிலையில் எந்த உத்தரவையும் நிறுத்தி வைக்கலாம். அதை நான்தான் நகலெடுத்தேன். பக்கம் கூட மனப்பாடம். நான் புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். நாற்பத்தொன்றையும் புரட்டினேன். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். வாயைத் திறக்கவில்லை. சின்ன வயசிலிருந்து என்னை எல்லோரும் ஊமைக்கோட்டான் என்பார்கள். அந்த மௌனத்தால் யாருக்காவது உபயோகம் இருந்தது அன்றைக்குத்தான்.

தை மாசத்துக் காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. தேசம்மாவின் கூடை வழியாக வந்து நேரே பஸ்ஸுக்குள் நுழைந்தது. பன்னீர் எர்ணாவூருக்கு முன்னாலேயே தோற்றுவிட்டது. வலதுபக்கத்தார் கைக்குட்டையை எடுத்தார்கள். இடதுபக்கத்தார் அட்டவணையை மீறி எடுத்தார்கள்.

எர்ணாவூர் நிறுத்தத்தில் பஸ் நின்றது. சூப்பிரண்டு இறங்கி வேகமாக நடந்து தேசம்மாவை எட்டிப் பிடித்தார். நிறுத்தத்தில் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சௌக்கத் அலி கைக்கடிகாரத்தைப் பார்த்து விசில் கொடுத்தான். பஸ் மறுபடி அவள் பின்னால் ஊரத் தொடங்கியது. இப்போது அவளோடு சூப்பிரண்டும் போய்க்கொண்டிருந்தார்.

"ஓரமாக ஒதுங்கு."

"மணல்ல கால் பொதைஞ்சா கூடை சாயும் தொரை. என்ன வண்டில ஏத்திக்கோ. ரோடு உனுக்கு ஃப்ரீ ஆயிரும்."

"ஏற்ற முடியாது."

"ஏன்?"

"ஏற்றிவிட்டால் அப்புறம் நான் எதற்கு?"

தேசம்மா அவரை முதல் தடவையாகக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள் என்று சௌக்கத் அலி பிற்பாடு சொன்னான். "அத்த நீ மின்னமே சொல்லிர்ந்தா நா ஆபீசாண்ட வந்தே இருக்க மாட்டேன்" என்றாளாம்.

சூப்பிரண்டு திரும்பி பஸ்ஸில் ஏறப் பார்த்தார். சௌக்கத் அலி கையை நீட்டித் தடுத்தான். "ஓடுற வண்டில ஏறக் கூடாது சார். ஒம்பதாம் விதி."

"நிறுத்து."

"நிறுத்தம் இல்லாத எடத்துல நிறுத்தக் கூடாது. பத்தாம் விதி. அடுத்த நிறுத்தம் எண்ணூர்தான்."

ஆகவே அவர் நடந்தார். கழுத்துப்பட்டை காற்றில் தோளுக்குப் பின்னால் பறந்தது. பூட்ஸில் மணல் ஏறியது. வழியில் கருவாடு விற்கப் போகிற பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். மகள் வீட்டுக்குத் தாய் வீட்டு மீன் போகிறது என்று தேசம்மா சொன்னாள். அவர்கள் பின்னால் வந்த தோரண பஸ்ஸைப் பார்த்து, கூடவே வந்த கோட்டுப் போட்டவரைப் பார்த்து, மரியாதையாக அவருக்குப் பின்னால் தள்ளி நடந்தார்கள். பின் இருக்கையில் இருந்த ஒரு சர்க்கரை மண்டிக்காரரின் மனைவி என்னிடம் குனிந்து, "இதுவும் நிகழ்ச்சியில் உண்டா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்பது இப்போது நினைவில்லை.

எண்ணூர் போய்ச் சேரும்போது ஒரு மணி. நீலாவின் வீடு நிறுத்தத்துக்கு நேர் எதிரில். குப்பமே தெருவுக்கு வந்துவிட்டது. முன்னால் கூடையோடு தாய், பக்கத்தில் வியர்த்து விறுவிறுத்த உத்தியோகஸ்தர், பின்னால் பெண்கள், அதற்குப் பின்னால் மாவிலைத் தோரணம் கட்டிய பஸ் நிறைய பட்டுப் புடவைகள். எண்ணூருக்கு அதுவரை அப்படி ஒரு சீர் வந்ததில்லை.

நீலாவின் மாமியார் வாசலுக்கு வந்து பார்த்தாள். "சம்மந்தியம்மா, மீனு கொண்டாந்த, செரி. இம்மாம் பெரிய வண்டிய இன்னாத்துக்கு இட்டாந்த? வூட்டுக்குள்ள நொழையாதே."

பிறகு சூப்பிரண்டைப் பார்த்தாள். "அண்ணாத்தே, நீ பொண்ணுக்கு இன்னா மொறை?"

சூப்பிரண்டு வாயைத் திறந்தார். மூச்சு வாங்கியதால் சொல் வரவில்லை.

"தாய்மாமன்னு வச்சிக்கோங்கம்மா" என்றான் சௌக்கத் அலி படிக்கட்டிலிருந்து. "ராயபுரத்துலேந்து தொணைக்கு நடந்தே வந்தாரு."

கூட வந்த ஆண்தான் கூடையைத் தலையிலிருந்து தூக்கி உள்ளே கொடுக்க வேண்டும். அது அந்த வீட்டு முறை. யாரோ அவர் கையைப் பிடித்துக் கூடையின் அடியில் வைத்தார்கள். சுற்றி நூறு பேர். அவர் தூக்கினார். ஈரத்துணியிலிருந்து சுறா நீர் அவர் சட்டைக் கையில் வழிந்து கழுத்துப்பட்டை வரை போனது. காலையிலிருந்து அந்தக் கூடை அவள் தலையை விட்டு இறங்கியது அப்போதுதான். தேசம்மா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே மகள் படுத்திருந்த அறைக்குள் போனாள்.

அலை பார்த்தல் நடக்கவில்லை. பிரமுகர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். சூப்பிரண்டு கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி பஸ்ஸுக்கு வந்தார். சௌக்கத் அலி படிக்கட்டில் குறுக்கே நின்றான்.

"சீட்டு இருக்குதா சார்?"

"என்ன சீட்டு?"

"நாத்தத்துக்கு."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெரியவர், நிர்வாகத்தின் கண்டிப்பைத் தான் மெச்சுவதாகவும், அதிகாரி என்பதற்காகச் சலுகை காட்டினால் ஒழுங்கு என்ன ஆவது என்றும் சொன்னார். மற்றவர்கள் கைக்குட்டைக்குள்ளிருந்து ஆமோதித்தார்கள். சூப்பிரண்டு படிக்கட்டிலிருந்து காலை எடுத்தார். பிறகு, விதி சரிதான் என்றார். அதை அவர் சொன்னபோது, அவரை ஒரு நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது. ரயிலடி இருக்கிற திசையைக் கேட்டுக்கொண்டு போனார்.

நீலாவுக்கு மூன்றாம் நாள் பால் இறங்கியது. சுறாவாலா, தாய் பக்கத்தில் இருந்ததாலா என்று எனக்குத் தெரியாது. குழந்தை பிழைத்தது. பெண். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

ஆபத்சகாயம் தொடக்க விழா வெற்றி என்று அறிக்கை எழுதினார். உயர் பதவியில் தெற்கே போனார். காளத்திக்குக் கடைசி வரை எந்த நாற்றமும் தெரியவில்லை; ஓய்வு பெற்று ஆறு மாதத்தில் காலமானார். ஹென்றியை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், விதிகளை மிகையாகக் கடைப்பிடித்த குற்றத்துக்கு. சௌக்கத் அலியைப் புளியந்தோப்புக்கு மாற்றினார்கள். அவன் போகாமல், மூர் மார்க்கெட்டில் பழைய சைக்கிள் வியாபாரம் வைத்துக்கொண்டான். நான் வேலையை விட்டுவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். விடவில்லை. இருபத்தாறு வருஷம் அங்கேயே இருந்தேன்.

கடலின்பப் பயணம் இரண்டாவது வாரம் நடக்கவில்லை. அந்த வாரம் காசிமேட்டுப் பெண்கள் பதினாலு பேர் கூடையோடு காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்கள். புதுக் கண்டக்டர் இறங்கச் சொன்னான். அவர்கள் எண்ணூருக்கு டிக்கெட் கேட்டார்கள். விதி பதினேழை யாரும் ரத்து செய்யவில்லை.

தேசம்மா அறுபத்து மூன்றாம் வருஷத்தில் இறந்தாள். அதுவரை மகள் வீட்டுக்குக் கூடையோடு பஸ்ஸில்தான் போய்வந்தாள். அனுமதிச் சீட்டு கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.